முத்துக்குளித்துறையின் இரவும் விளக்கும்

பூம்புகார்க் கடற்கரையின் இரவை இளங்கோவடிகள் விளக்குகளின் வரிசையாகவே காட்டுகிறார். கடலாடு காதையில் வரும் அவ்விளக்குகள் ஒவ்வொன்றுக்கும் உரியவர் இருக்கின்றனர். சாந்தும் மலரும் சுண்ணமும் விற்போர் ஏற்றியது ஒரு விளக்கு. பொன்வினை செய்யும் கம்மியர் ஏற்றியது ஒன்று. பிட்டு விற்பவர், அப்பம் விற்பவர், கள் விற்கும் மகளிர், மீன் விலை கூறுவோர் எனத் தனித்தனியே விளக்குகள் எரிகின்றன. வேற்றுமொழி பேசும் நாட்டினர் வைத்தவை விடியும்வரை அணைவதில்லை. பண்டசாலைக் காவலர்க்கும், திமிலில் சென்ற பரதவர்க்கும் அவரவர் விளக்குகள் உண்டு. இவற்றிடையே கலங்கரை விளக்கமும் நிற்கிறது. வெண்மணலில் வெண்சிறுகடுகு சிந்தினாலும் கண்டு பொறுக்கலாம் என்னும் அளவுக்கு அக்கரை ஒளிர்ந்தது என்கிறது காப்பியம்.

நகர ஒளியின் மிகுதியைத் தமிழ்க் கவிஞர் ஒருவர் வியந்து பாடிய தொன்மையான இடங்களுள் இஃது ஒன்று. இன்று 'ஒளி மாசு' என்ற தொடரைக் கேட்கும்போது அது அயல்நாட்டிலிருந்து வந்த கவலை என்று தோன்றக்கூடும். நெய்தல் நிலத்தின் இலக்கியத்தையும் தொழிலையும் ஒருங்கே வைத்து நோக்கினால் அவ்வாறு தோன்றாது. விளக்கு எங்கே வேண்டும், எவ்வளவு வேண்டும், யாருக்கு வேண்டும் என்ற வினாக்கள் இக்கரைக்குப் பழையவை.

சொல்லாராய்ச்சி ஒன்று இங்கே துணைபுரியும். இன்று 'விளக்கம்' என்றால் பொருள்விரித்துக் கூறல். பழந்தமிழில் அச்சொல் விளக்கையே குறித்தது. 'கரைதல்' என்பதற்கு அழைத்தல் என்ற பொருள் உண்டு. காகம் கரைகிறது என்று இன்றும் சொல்கிறோம். எனவே கலங்கரை விளக்கம் என்பது கலத்தைக் கூவி அழைக்கும் ஒளி. ஒளிக்குக் குரல் கொடுத்த இச்சொல்லாக்கம் ஒரு கவிதையே எனலாம். இச்சொல்லை ஆங்கிலச் சொல்லுக்கு நிகராகத் தேடி எடுத்துக்கொண்ட நம் காலத்தவர் அதன் உள்ளிருக்கும் குரலைக் கேட்டனரா என்பது ஐயமே.

பெரும்பாணாற்றுப்படை நீர்ப்பெயற்று என்னும் துறையில் இருந்த அத்தகைய மாடம் ஒன்றை வருணிக்கிறது. ஏணி சார்த்தியும் ஏறுதற்கு அரியது அது. வானைத் தொடும் உயரமுடையது. மேலே கூரை வேயப்படாதது. இரவில் அதன் உச்சியில் கொள்ளித்தீ எரிந்தது. திசை தப்பிய கலங்கள் அதைக் கண்டு துறை சேர்ந்தன. வானளாவிய கட்டடத்தின் உச்சி விளக்கு என்பது தமிழுக்குப் புதிதன்று என்பதற்கு இதுவே சான்று. அம்மாடம் அவ்வளவு உயர்ந்து நின்றது, கடலில் இருப்பவன் காண்பதற்காக. தன்னைக் காட்டிக்கொள்வதற்காக அன்று.

இனிப் பாண்டியர் கரைக்கு வரலாம். பொருநையாற்றின் முகத்தில் இருந்த கொற்கை, சங்கப் பாடல்களில் முத்தால் பெயர்பெற்றது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த கிரேக்கக் கடற்பயணக் கையேடான பெரிப்ளூஸ் கொற்கையைக் குறிப்பிட்டு, அங்கே தண்டனை பெற்ற கைதிகள் முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் கூறுகிறது. ஆறு கொணர்ந்த வண்டல் கரையைக் கடலுக்குள் தள்ளத் தள்ளத் துறையும் இடம் பெயர்ந்தது. கொற்கைக்குப் பின் காயல் தலையெடுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டது அதனையே. 1881-இல் திருநெல்வேலி வரலாற்றை எழுதி வெளியிட்ட கால்டுவெல், இவ்விரு ஊர்களிலும் அகழ்ந்து பார்த்தவர். காயலும் தூர்ந்தபின் தூத்துக்குடிக்கு முதன்மை வந்தது. போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் வந்தனர், 1658-இல் டச்சுக்காரர் பிடித்தனர், பின்னர் ஆங்கிலேயர். கொடிகள் மாறியபோதும் முத்துக்குளிப்பின் முறை பெரிதும் மாறவில்லை.

அந்த முறையில் இரவுக்கு இருந்த பங்கு போதிய அளவு பேசப்படவில்லை. முத்துச்சிப்பி படியும் கடலடிப் பாறைத் தளங்களை இக்கரையார் 'பார்' என்பர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தோலாயிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. பார்கள் கரையிலிருந்து பல மைல் தொலைவில், ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் கிடப்பவை. கதிரொளி நீருக்குள் இறங்கும் முற்பகலில்தான் குளிக்க இயலும். அதற்கு விடியலில் பாரின்மேல் படகு நிற்கவேண்டும். ஆகவே நிலக்காற்று வீசும் இரவிலேயே படகுகள் புறப்பட்டன. நண்பகலுக்குப் பின் கடற்காற்று அவற்றைக் கரைக்குக் கொணர்ந்தது. மன்னார்க் கடலின் இலங்கைப் பக்கத்தில் நடந்த குளிப்பைக் கண்டு எழுதிய பெர்சிவலின் நூல் 1803-இல் வெளியாயிற்று. இரவில் பீரங்கி ஒலித்ததும் படகுத் தொகுதி முழுவதும் கிளம்பிய காட்சியை அதில் காணலாம். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் 'கடற்கட்டி' இல்லாமல் குளிப்பவர் நீரில் இறங்க மறுத்ததையும் அக்காலத்து ஐரோப்பியர் சற்று எரிச்சலோடு குறித்துவைத்துள்ளனர். கைதேர்ந்த அலுவலர்கள் அவருக்கும் ஊதியம் கொடுத்தனர் என்பது வேறு செய்தி.

குளிப்பு பகலுக்குரியது; பயணம் இரவுக்குரியது. அந்த இரவுப் பயணத்தைக் காற்றும் விண்மீனும் நடத்தின. ஆறாமீன் எழும் நேரம், விடிவெள்ளியின் உயரம், வடமீன் நிற்கும் திக்கு ஆகியவை கடலோடியின் ஏடு. பகலில் திருச்செந்தூரின் ஒன்பது நிலைக் கோபுரமும், மணப்பாட்டுக் குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலும் அடையாளங்களாயின. இரவில் கரை கண்ணுக்கு மறையும். நெய்தற் பாடல்கள் திமிலின் சுடரை விண்மீனுக்கு ஒப்பிடும்போது அவை அணிநயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. இருண்ட கடலில் கரையிலிருந்து நோக்குபவளுக்குத் தொடுவானத்தின் தாழ்ந்த மீன் எது, கணவன் சென்ற திமிலின் விளக்கு எது எனப் பிரித்தறிவது உண்மையிலேயே அரிதாக இருந்தது. அவ்வுவமை உயிர்பெறுவதற்கு இரண்டும் கண்ணுக்குத் தெரியவேண்டும். இன்றைய மாணவர்க்கு அப்பாடல்களை நடத்தும் ஆசிரியர்கள் உவமேயத்தை விளக்குவதோடு உவமானத்தையும் விளக்கவேண்டியவராக உள்ளனர்.

அரசு நடத்திய முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் 1955 தொடங்கித் தொடர்ந்து நிகழ்ந்து 1961-இல் நின்றது. அதன்பின் பார்களில் சிப்பிவளம் மீளவில்லை. 1973-இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆய்வு நிலையத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். 'முத்துநகர்' என்ற பெயர் மட்டும் விரைவுத் தொடர்வண்டிக்கும் விடுதிகளுக்கும் வாய்த்தது.

ஆங்கிலேயர் காலத்துத் தூத்துக்குடி, துறைமுகம் என்பதினும் நங்கூரவெளி எனத்தக்கது. கரையோரம் ஆழம் குறைவு. நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளியே நின்றன. தோணிகள் சரக்கையும் ஆளையும் ஏற்றி இறக்கின. 1866-இல் நகராட்சி அமைந்தது. 1876-இல் இருப்புப்பாதை வந்தது. கொழும்புக்குச் செல்வோர் இங்கே இறங்கிக் கப்பலேறினர். 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியதும் இந்த நங்கூரவெளியில்தான். பாய்மரத் தோணிகளைச் செலுத்திய 'தண்டல்'மாருக்குத் திசைகாட்டியும் வானமும் முயல் தீவின் கலங்கரை விளக்கமுமே துணை. ஆர்.என்.ஜோ டி குரூஸ் 2009-இல் எழுதி வெளியிட்ட 'கொற்கை' புதினம் அத்தோணி உலகைப் பெருங்கதையாக்கி, 2013-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது.

கலங்கரை விளக்கத்தின் பொறியமைப்பைக் கவிஞர்கள் ஒருமுறை கருதிப் பார்ப்பது நன்று. சென்னையில் 1796-இல் கோட்டைக் கட்டடத்தின் உச்சியில் தேங்காயெண்ணெய் விளக்குகளோடு தொடங்கிய அது, 1844-இல் தனித் தூணுக்கும், 1894-இல் உயர்நீதிமன்றக் குவிமாடத்துக்கும், 1977-இல் மெரினாக் கரைக்கும் இடம்பெயர்ந்தது. சிறு சுடர் நெடுந்தொலைவு சென்றதற்குக் காரணம் பிரான்சு நாட்டு அறிஞர் பிரெனெல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த வில்லை. மேலும் கீழும் சிதறிப்போகும் கதிர்களை மடக்கித் தொடுவானத்தை நோக்கி ஒருமுகமாகச் செலுத்துவது அதன் பணி. விண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றும் வீணாவதில்லை. மேலும், ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனித்த சந்தம் உண்டு: இத்தனை நொடிக்கு ஒரு மின்னல், அல்லது இரட்டை மின்னல், பின்னர் இத்தனை நொடி இருள். மாலுமி அந்தச் சந்தத்தை எண்ணித்தான் ஊரை அறிகிறான். யாப்பறிந்தார்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இடையில் வரும் இருளும் ஓர் அசையே.

ஒளி, நண்பனை மட்டும் அழைப்பதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு செர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையை நெருங்கியபோது நகர விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கலங்கரை விளக்கமும் வழக்கம்போல் சுழன்றது. சில நிமிடங்களில் துறைமுகத்து எண்ணெய்க் கொள்கலங்கள் தீப்பற்றின.

தூத்துக்குடியின் இரவு மாறியது 1970-களில். புதிய துறைமுகம் 1974 சூலை 11-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் கைநீட்டின. உரத் தொழிற்சாலையும் கனநீர் ஆலையும் அதே பத்தாண்டில் எழுந்தன. 1979-இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கியது; 1992-க்குள் ஐந்து அலகுகள், 1050 மெகாவாட். 2008-இல் நகரம் மாநகராட்சியாயிற்று. 2011-இல் துறைமுகத்துக்கு வ.உ.சி.யின் பெயர் சூட்டப்பட்டது; பின்னர்ச் சீர்மிகு நகரத் திட்டமும் வந்தது. நியூயார்க்கையோ மும்பையையோ போன்ற வானுயர் மாடங்கள் இங்கில்லை. இந்நகரின் வானளாவிகள் புகைபோக்கிகளும் சரக்குப்பெட்டி தூக்கும் பாரந்தூக்கிகளும் உயர்கோபுர மின்விளக்குகளும்தாம். இரவும் பகலும் கப்பல் வந்துபோகும் துறையில் அவை அணைவதில்லை. இளங்கோவடிகள் கண்ட அயல்நாட்டார் விளக்கைப் போலவே.

பழைய சோடிய விளக்கின் மஞ்சள் ஒளிக்குப் பதிலாக வெண்ணிற எல்.இ.டி. விளக்குகள் வந்ததும் ஒரு திருப்பம். நீல ஒளியுமிழ் இருமுனையத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றும் தேசியத் திட்டம் 2015-இல் தொடங்கியது. மின்செலவு குறைந்தது, மறுக்க இயலாத நன்மை அது. ஆயினும் நீலக் கூறு மிகுந்த வெண்ணொளி காற்றில் மிகுதியாகச் சிதறும். பகல்வானம் நீலமாக இருப்பதும் அதே இயற்பியல் விதியால்தான். ஈரமும் உப்புத்துகளும் கலந்த கடற்கரைக் காற்று அச்சிதறலை இன்னும் பெருக்குகிறது. செலவு குறைந்ததால் ஒன்று இருந்த இடத்தில் மூன்று வைக்கத் தோன்றுகிறது. 2016-இல் வெளியான உலக வான்ஒளி வரைபடம், மாந்தருள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர்க்குத் தம் ஊரிலிருந்து பால்வீதி தெரிவதில்லை என்று காட்டியது. 2023-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 2011 முதல் 2022 வரை பலநாட்டுப் பொதுமக்கள் அனுப்பிய பதிவுகளைக் கொண்டு, இரவு வானின் வெளிச்சம் ஆண்டுதோறும் பத்து விழுக்காட்டையொட்டி ஏறியதாகக் கணித்தது. சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வுக் கூடத்திலிருந்து 1861-இல் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டறிந்து 'ஏசியா' எனப் பெயரிட்டார் என்பதை இன்றைய நுங்கம்பாக்கத்துச் சாலையில் நின்று நம்புவது கடினம். வானியலார் பின்னர்க் கோடைக்கானலுக்கும், சவ்வாது மலையின் காவலூருக்கும் இருளைத் தேடிச் சென்றனர்.

மன்னார் வளைகுடாவின் இழப்பு வானியலாரின் இழப்பினும் நுண்ணியது. தூத்துக்குடி முதல் பாம்பன் வரை விரவிய 21 தீவுகளும் பவளத்திட்டுகளும் 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக ஒதுக்கப்பட்டன. 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வான் தீவு, காசுவாரித் தீவு, காரியாசல்லி ஆகியவை துறைமுகத்துக்கு அண்மையில் உள்ளன. பவளங்கள் நிலவின் வளர்பிறை தேய்பிறையைக் கணக்கிட்டே கருவை நீரில் விடுகின்றன. செயற்கை ஒளி படும் திட்டுகளில் அந்நாள் பிறழ்கிறது என 2023-இல் வெளியான உலகளாவிய ஆய்வு காட்டியது. பங்குனி ஆமையின் குஞ்சு மணலிலிருந்து வெளிவந்ததும் எந்தத் திசை வெளிச்சமாக உள்ளதோ அத்திசைக்கே ஓடும். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அத்திசை கடலாகவே இருந்தது. கரையில் சாலை விளக்கு எரிந்தால் அது சாலைக்கு ஓடுகிறது. சென்னையில் 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று இரவிரவாகக் கரையில் நடந்து முட்டைகளைக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டுவருவதற்கு இதுவும் ஒரு காரணம். நியூயார்க்கில் ஆண்டுக்கொருமுறை நினைவுநாளில் விண்ணை நோக்கிப் பாய்ச்சப்படும் இரட்டைக் கதிர்த்தூணில் வலசைப் பறவைகள் சிக்கிச் சுழல்வதால், அவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தை எட்டினால் சிறிதுநேரம் விளக்கை அணைக்கின்றனர். துயர நினைவுக்கான ஒளியையே பறவைக்காக நிறுத்துகிற அவ்வழக்கம் மதிக்கத்தக்கது.

மீனவர்க்கு இச்சிக்கல் வயிற்றோடு தொடர்புடையது. நிலவில்லா நாளில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கி மீனை அழைப்பது முன்பு நடந்ததுதான். ஆற்றல்மிக்க மின்விளக்குகளைக் கடல்மேல் பாய்ச்சிக் கூட்டங்கூட்டமாக வாரும் முறை வந்தபோது நாட்டுப்படகினர் எதிர்த்தனர். 2017 நவம்பரில் இந்தியப் பொருளாதாரக் கடல் மண்டலத்தில் அம்முறைக்கு மத்திய அரசு தடை விதித்தது. அழைக்கும் விளக்கு, வேட்டை விளக்கானபோது முதலில் குரல் எழுப்பியவர்கள் பரதவரின் வழிவந்தோரே என்பது நெய்தல் இலக்கியம் பயில்வோர் குறித்துக்கொள்ளவேண்டிய செய்தி.

எனினும் இருளைப் புகழ்ந்து பாடுவதில் ஓர் ஏமாற்று உண்டு. உப்பளத் தொழிலாளர் வெயிலுக்கு அஞ்சிப் பின்னிரவிலேயே பாத்திகளில் இறங்குகின்றனர். அவர்களுள் பெண்கள் பலர். விடியுமுன் மீன் ஏலத்துக்குச் செல்லும் பெண்ணுக்குத் தெருவிளக்கு அணிகலன் அன்று, காவல். பாரந்தூக்கியின் கீழ் நிற்கும் தொழிலாளிக்கு வெளிச்சம் உயிர். நகரத்து மாடியில் அமர்ந்து விண்மீன் இல்லையே என ஏங்கும் கவிதை இவர்களை மறந்தால் அது பொய்க்கவிதை. ஆனால் இங்கே முரண் உண்மையில் இல்லை. உப்புப் பாத்தியில் இறங்குபவளின் காலடிக்குத் தேவையான ஒளி காலடியில் விழவேண்டும். மூடாக்கு இல்லாத விளக்கு அவள் கண்ணில் கூசி, மீதியை வானுக்கு அனுப்புகிறது. பாதையோ நிழலிலேயே கிடக்கிறது. துறைமுகம் அணுகும் மாலுமிக்கும் இதே இடர்ப்பாடு: பின்னணியில் நூறு விளக்கு எரியும்போது வழிகாட்டும் ஒன்றைப் பிரித்தறிதல் அரிதாகிறது. கலங்கரை விளக்கங்களுக்கான 1927-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2021-இல் கடல்வழிகாட்டு உதவிகள் சட்டம் வந்துள்ளது. காற்றுக்கும் நீருக்கும் உள்ளதுபோல் ஒளியின் மாசுக்கெனத் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை.

செய்யத்தக்கவை கடினமல்ல. விளக்குக்கு மேல்மூடாக்கு, நீலம் குறைந்த நிறம், ஆளில்லாத நேரத்தில் குறைத்தல் ஆகியவையே பெரும்பகுதியைத் தீர்க்கும். சென்னையில் ஆமைப் பருவத்தில் கடற்கரையின் உயர்கோபுர விளக்குகளை நள்ளிரவில் அணைத்துவைக்க முயன்றுள்ளனர். லடாக்கின் ஹான்லே, 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள சிற்றூர் மக்களே அதன் காவலர்கள். தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கரையில் குலசேகரன்பட்டினத்து ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. விண்ணுக்கு ஊர்தி செலுத்தும் இடம் அது. அதன் சாலைகளிலும் வளாகத்திலும் நடும் விளக்குகள் கடலையும் வானையும் நோக்காதபடி அமைப்பது, நட்டபின் மாற்றுவதைவிட எளிது.

இலக்கிய வட்டத்தார்க்கென எஞ்சியிருக்கும் பணி வேறு. நாட்டுப்படகுகளிலும் இன்று செயற்கைக்கோள் வழிகாட்டி உள்ளது. விண்மீன் பார்த்துக் கடல் ஓடிய தலைமுறை முதுமையடைந்துவிட்டது. அவர்கள் வாயில் ஒவ்வொரு வெள்ளிக்கும், ஒவ்வொரு காற்றுக்கும், ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. அச்சொற்களைத் திரட்டுவோர் திரேஸ்புரத்திலோ புன்னைக்காயலிலோ மணப்பாட்டிலோ ஒரு முதியவரைப் பகலில் சந்தித்துப் பட்டியல் எழுதினால் போதாது. எந்தப் பெயர் எந்த மீனுக்கு என அவர் விரல்நீட்டிக் காட்டவேண்டும். அதற்கு நிலவில்லா இரவொன்றில், துறைமுக விளக்குகளுக்கு அப்பால், அவரோடு படகில் சென்றாக வேண்டும்.